"இந்தியா போய்விட்டார்"

எங்கள் கடையின் பின்னறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருப்பவை என் அப்பாவின் பழைய கடன் கொப்பிகள். (எங்கள் வீடுகளில் அப்பா என்றால் வாப்பாவின் வாப்பா. இதை வாசிக்கும் மற்ற ஊர்ப் பிள்ளைகள் குழம்ப வேண்டாம்.) இரத்தினபுரி மாவட்டத்தில் ஓர் இறப்பர் தோட்டத்துக்குக் கீழே உள்ள சின்னக் கடைவீதியில்தான் எங்கள் கடை. தோட்டத்து மக்கள் கருவாடு, செத்தல் மிளகாய், மண்ணெண்ணெய், சவர்க்காரம், வெற்றிலை என்று மாதம் முழுவதும் கடனுக்கு வாங்குவார்கள். சம்பளத்தன்று வந்து கட்டுவார்கள். கொப்பியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம்.

1970களின் கொப்பிகளைப் புரட்டினால் பல பக்கங்களின் அடியில் அப்பாவின் கையெழுத்தில் ஒரே வசனத்தைக் காணலாம்: "இந்தியா போய்விட்டார்." சில பக்கங்களில் அதற்குக் கீழே "கணக்கு முடிந்தது" என்று இருக்கும். சிலவற்றில் அது இருக்காது.

உயர்தர வகுப்பில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்களுக்கு ஒரு திகதியாகவும் சில எண்களாகவும் வந்தது. மனனம் செய்தேன். அந்த எண்களும் தகரப் பெட்டியில் உள்ள வசனமும் ஒரே விடயம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. புலம்பெயர்ந்து வாழும் மக்களுக்கும் அவர்களுடைய முன்னோரின் நாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. கிரேக்கரைப் பற்றி, யூதரைப் பற்றி, ஆர்மேனியரைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. எங்கள் கடைக்கு எதிரே உள்ள லயத்திலும் அந்த உறவின் கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில், கோப்பிக் காலத்தில். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து அந்தப் பயிர் அழிந்த பின் தேயிலையும், சப்ரகமுவ போன்ற தாழ்ந்த, மழை மிகுந்த மலைகளில் இறப்பரும் வந்தன. வந்தவர்கள் பெரும்பாலும் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்தவர்கள். கங்காணி தன் ஊரிலும் தன் உறவிலும் ஆள் சேர்த்து வருவார். அதனால் ஒரே கிராமத்து ஆட்கள் ஒரே லயத்தில் வந்து சேர்ந்தார்கள். வரும் செலவெல்லாம் அவர்கள் பெயரில் கடனாக ஏறியது. கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாது.

இவர்கள் "ஊர்" என்று சொன்னால் அது கடலுக்கு அப்பால் இருந்த ஊர். கலியாணம் பேசும்போது "எந்த ஊர்?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, திருச்சிக்கோ நாமக்கல்லுக்கோ பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். கேட்டவரும் சொன்னவரும் அந்தக் கிராமத்தைக் கண்ணால் கண்டிராதவர்களாக இருக்கலாம். குலதெய்வம் அங்கே இருந்தது. முதல் தலைமுறைக்குக் காணித்துண்டு ஒன்றும் அங்கே இருந்திருக்கலாம். அடுத்தடுத்த தலைமுறைகளுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. தாயகத்தோடு இருந்த உறவு அப்போது அவ்வளவுதான். அது யாருக்கும் பாரமாக இருக்கவில்லை.

பாரமாக்கியது சட்டம். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், 1948இல், இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. கலியாணம் முடித்தவர் ஏழு ஆண்டும் முடிக்காதவர் பத்து ஆண்டும் இங்கே தொடர்ச்சியாக வாழ்ந்ததைக் காட்டிப் பதியலாம். சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரையில் ஏற்கப்பட்டவர்கள் சுமார் 134,000 பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த மக்கள் வாக்குரிமையும் இழந்தார்கள்.

இந்தச் சட்டம் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. அப்பாவின் வாப்பா காயல்பட்டினத்தவர். பன்னிரண்டு வயதில் ஒரு மாமாவின் கடையில் வேலைக்கு வந்து, பிறகு தனிக்கடை போட்டு, இரத்தினபுரியிலேயே கலியாணம் முடித்தார். சட்டத்தின் கண்ணில் அவரும் ஓர் இந்தியர்தான். ஆனால் அவரிடம் கடதாசி இருந்தது: கடை லைசென்ஸ், வாடகைப் பற்றுச்சீட்டு, வரி கட்டிய துண்டுகள். அவருடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதே கடையில் கடன் வாங்கிய பால்வெட்டுக்காரர் ஒருவர் தனக்கும் உதவும் என்று எங்கள் கடன் கொப்பியைக் கேட்டு வந்தாராம். பத்து வருடமாக மாதம் தவறாமல் அவர் பெயர் அதில் இருந்தது; பத்து வருடம் அவர் இங்கே இருந்தார் என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? கொப்பியைக் கொண்டுபோனார். கடைக்காரரின் கொப்பி அத்தாட்சி ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகப்பனாரின் மையத்துக்கு ஊருக்குப் போய் அங்கேயே ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டதும் அவருடைய கணக்கைக் கெடுத்துவிட்டது. அவ்வளவு காலம் வெளியே இருந்தால் வதிவின் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பது விதி.

(மையத்து என்பது எங்கள் சொல். அவர் "சாவுக்குப் போனேன்" என்றுதான் சொல்லியிருப்பார். அப்பா தன் மொழியில் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.)

நான் இதைப் பெருமையாக எழுதவில்லை. இரண்டு பேரும் ஒரே கடலைக் கடந்தவர்கள். ஒருவரின் பேத்தியின் மகள்மார் இந்நாட்டில் எந்தக் கேள்வியும் இல்லாமல் பரீட்சை எழுதுகிறார்கள். மற்றவரின் பக்கத்தில் "இந்தியா போய்விட்டார்" என்று இருக்கிறது. இடையில் இருந்த வித்தியாசம் சில பற்றுச்சீட்டுகள்.

அடுத்து 1964. இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் நிலைப்பாடாக இருந்தது. அவர் அந்த ஆண்டு மே மாதம் மறைந்தார். ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, புது டில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். (சிறிமாவோ அம்மையார் எங்கள் இரத்தினபுரியில் பிறந்தவர் என்பதைப் பலர் அறியார்.) நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுக்கும். மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு பார்த்தபோது, 1974இல், ஆளுக்கு 75,000 என்று இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு இங்கே பிரசாவுரிமை என்பது விகிதம். அந்த ஏழிலும் நான்கிலும் எண்ணப்பட்டவர்களை யாரும் மேசைக்கு அழைக்கவில்லை.

என் ரியூஷன் வகுப்புத் தோழியின் அம்மாயி நான்கில் ஒருவர். அம்மாயியின் தம்பி ஏழில் ஒருவர். கணவர் இலங்கைக்கு விண்ணப்பித்ததால் அக்கா இங்கே. தகப்பன் இந்தியாவுக்கு விண்ணப்பித்ததால் தம்பி அங்கே. இப்படிப் பிரிந்த குடும்பங்களுக்கு இந்த மாவட்டத்திலும் கேகாலையிலும் கணக்கில்லை. விருப்பப்பட்டுத்தானே விண்ணப்பித்தார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். தோழியின் அம்மாயியிடம் கேட்டபோது, "விருப்பமா? பாணுக்கு வரிசையில நின்ன காலம் பாப்பா" என்றார். 1973, 1974இல் தோட்டங்களில் பட்டினி இருந்தது. காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கை மாறின. 1977இலும் 1981இலும் 1983இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. சிலர் வன்னிப் பக்கம் போனார்கள், சிலர் கப்பலேறினார்கள். பயமும் பசியும் நிரப்பிய விண்ணப்பத்தை விருப்பம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் "ஒப்பாரிக் கோச்சி". எங்கள் பக்கத்தில் அப்போது களனிவெளிச் சிறுபாதை இருந்தது. 1970களில் இரத்தினபுரிப் பகுதியில் அதை மூடிவிட்டார்கள். தோட்டத்து லொறியில் கட்டில், அம்மி, தையல் மெஷின், கோழி என்று ஏற்றிக்கொண்டு இறங்கியதை அப்பா கண்டிருக்கிறார். கடையின் முன்னால் லொறியை நிறுத்தி, பழைய பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் சிலர் போனார்களாம். தலைமன்னாரிலிருந்து "இராமானுஜம்" என்ற கப்பல். அவர்களுடைய பாட்டன்மார் தனுஷ்கோடி வழியாக வந்தவர்கள். அந்தத் தனுஷ்கோடியை ஒப்பந்தம் கையொப்பமான இரண்டே மாதத்தில், 1964 டிசெம்பர் புயல் அழித்துவிட்டது. ஆகவே இவர்கள் போய் இறங்கியது இராமேஸ்வரத்தில். அங்கிருந்து மண்டபம் முகாம். அங்கே குடும்ப அட்டை கொடுத்து, ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வோர் இடத்துக்கு அனுப்பினார்கள்.

தமிழ்நாட்டு அரசாங்கத்தில் இவர்களுக்கு இருந்த பெயர் "தாயகம் திரும்பியோர்". இந்தச் சொல்லை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். திரும்புவதென்றால் முன்னே ஒருமுறை அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டுமல்லவா? கப்பலேறியவர்களில் பெரும்பாலானோர் இலங்கையில் பிறந்தவர்கள். "ஊர்" என்று கலியாணப் பேச்சில் சொல்லிவந்த அந்தக் கிராமத்துக்குச் சிலர் தேடிப் போனார்கள். அங்கே காணியும் இல்லை, அவர்களைத் தெரிந்தவரும் இல்லை. சிறு வியாபாரம் செய்யக் கடன் கிடைத்தது. தோட்டத்தில் பால் வெட்டியவருக்கு வெயில் ஊரில் பெட்டிக்கடை வைக்கத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அதை விட்டு, தெரிந்த தொழில் இருக்கும் மலைகளைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போனார்கள். கூடலூர், கோத்தகிரி, பந்தலூர்ப் பக்கங்களில் இன்று இலங்கையிலிருந்து போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பெருந்தொகையாக இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தை, சுருக்கமாக டான்டீயை, நடத்தியது. இறப்பர் தெரிந்தவர்களுக்காகக் கன்னியாகுமரியிலும், கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் தோட்டங்கள் போடப்பட்டன. கன்னட நாட்டில் பால் வெட்டும் தமிழருக்கு அதுவும் "தாயகம்" என்றுதான் கோப்பில் இருக்கும்.

அங்கே போன பின் அவர்களுக்குக் கிடைத்த மற்றப் பெயர் "சிலோன்காரர்". இங்கே இருந்தவரை இந்தியத் தமிழர். அங்கே போனதும் சிலோன்காரர். கடலின் எந்தக் கரையில் நின்றாலும் மறு கரையின் பெயரால் அழைக்கப்பட்டார்கள்.

கிரேக்கரைப் பற்றி வாசித்தபோது எனக்கு இதே கதை அங்கேயும் இருப்பது தெரிந்தது. மெல்பேர்ணிலும் சிக்காகோவிலும் வாழும் கிரேக்கரைப் பற்றி அல்ல நான் சொல்வது. அவர்களுடைய உறவு சுகமானது. பிள்ளைகளைச் சனிக்கிழமைக் கிரேக்கப் பள்ளிக்கு அனுப்புவார்கள், கோடை விடுமுறைக்குத் தீவுகளுக்குப் போவார்கள். 2023 தேர்தலில் வெளிநாட்டிலிருந்தே வாக்களிக்கவும் கிரேக்க நாடு அவர்களுக்கு வசதி செய்தது. நான் சொல்வது 1923 ஜனவரியில் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் செய்த மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையைப் பற்றி.

துருக்கியில் இருந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும் கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் போக வேண்டும் என்று இரண்டு அரசாங்கங்களும் தீர்மானித்தன. போரில் ஏற்கெனவே தப்பியோடியவர்களையும் சேர்த்தால் சுமார் பன்னிரண்டு இலட்சம் கிறிஸ்தவர்களும் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் இதற்குள் அடங்கினார்கள். இஸ்தான்புல் கிரேக்கருக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. யார் எந்த நாட்டவர் என்பதைத் தீர்மானித்தது மதம். பேசும் மொழியை யாரும் கேட்கவில்லை. அதனால் கிரேக்கத்துக்குப் போனவர்களில் துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கப்படோசியக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். துருக்கிக்குப் போனவர்களில் கிரேக்கம் பேசிய கிறீட் தீவு முஸ்லிம்கள் இருந்தார்கள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து வீட்டில் கிரேக்கத்தில் பேசியவர்கள்! தமிழ் பேசும் முஸ்லிமான எனக்கு அவர்களை நினைத்தால் ஏதோ தூரத்துச் சொந்தம் போலத் தோன்றுகிறது. நாளைக்கு யாராவது எங்கள் மதத்தைப் பார்த்து ஒரு நாட்டையும் மொழியைப் பார்த்து இன்னொரு நாட்டையும் காட்டினால் நாங்கள் எந்தக் கப்பலில் ஏறுவது?

"தாயகம்" போய்ச் சேர்ந்த அந்தக் கிறிஸ்தவர்களைக் கிரேக்கத்தில் பலர் "துருக்கி விதை" என்று ஏசினார்கள். எங்கள் "சிலோன்காரர்" கொஞ்சம் மரியாதையானது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கிரேக்கத்து அகதிகள் விட்டுவந்த ஊர்களின் பெயர்களைப் புதிய இடத்துக்கு வைத்தார்கள். ஏதென்ஸில் இன்றும் "நியா ஸ்மிர்னி" என்று ஒரு பகுதி இருக்கிறது. புதிய ஸ்மிர்னா என்று பொருள். 1924இல் அவர்கள் தொடங்கிய ஏ.இ.கே. என்ற உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரிலேயே கொன்ஸ்தாந்திநோபிள் இருக்கிறது. தொகையாகப் போனார்கள், வாக்கு இருந்தது, தங்கள் பெயரை ஊன்றினார்கள். எங்கள் தோட்டத்து ஆட்களைப் பிரித்துப் பிரித்து அனுப்பியதால் ஒரு லயம் முழுவதும் ஒன்றாகப் போய் ஓரிடத்தில் இறங்க முடியவில்லை.

இங்கே மிஞ்சியவர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டுப் போக முடியாதவர்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் நின்றார்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் நாடற்றோர் பிரச்சினை இந்த நாட்டில் முடிவுக்கு வந்தது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள். கலவரத்துக்குப் பிறகு அகதியாகத் தமிழ்நாட்டுக்குப் போன மலையகத்தார் சிலர் முகாம்களில் பிரசாவுரிமை இல்லாமலே இருந்தார்கள். அவர்களுடைய கோரிக்கையை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. முன்னோரின் நாடு என்ற உறவு மாநாடுகளில் அழகாகவும் முகாமில் வேறு மாதிரியாகவும் இருக்கிறது.

இன்றைய இந்தியா மலையகத்தை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. தோட்டங்களில் இந்திய உதவியோடு வீடுகள் எழும்புகின்றன. 2017இல் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது முன்னைய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். ஆனால் "இந்தியத் தமிழர்" என்ற பதிவைவிட "மலையகத் தமிழர்" என்ற பெயரையே என் தோழியின் வயதினர் விரும்புகிறார்கள். மலையகம் வந்து இருநூறு ஆண்டு நிறைவை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். முன்னோர் வந்த வழியில், இந்தியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நோக்கி நடந்த நடை அது. (சப்ரகமுவத் தோட்டங்கள் மலையகம்தானா என்று தோழியைச் சீண்டுவேன்; எங்கள் மலைகள் நுவரெலியாக்காரருக்குக் குன்று. அவளுக்குக் கோபம் வரும்.)

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் உம்மாவும் நானும் வட்டிலப்பம் கொண்டு அவர்களுடைய லயத்துக்குப் போனோம். அம்மாயி வட்ஸ்அப்பில் கூடலூர்த் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். டான்டீயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் கழகத்து வீட்டை விட வேண்டும் என்பதும், 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு எடுத்த முடிவும் அங்கே பெரிய பேச்சு என்றார். "இங்கயும் லயம், அங்கயும் லயம். இதுல எது சொந்த ஊருன்னு நீதான் படிச்ச புள்ள சொல்லணும்" என்றார் என்னிடம். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடை வீட்டுப் பேத்தி என்று அம்மாயி சொன்னதும் அவருடைய முகம் மாறிவிட்டது. களுகங்கை இந்த வருடம் பெருகியதா, கடைக்கு முன்னால் நின்ற ஈரப்பலா இருக்கிறதா, சின்ன மொதலாளி சுகமா என்று அடுக்கிக்கொண்டே போனார். சின்ன மொதலாளி என்றது அப்பாவை. அப்பாவுக்கு இப்போது எழுபத்தேழு.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். 1973ஆம் ஆண்டுக் கொப்பியில் அந்தக் குடும்பத்தின் பக்கம் இருந்தது. கீழே "இந்தியா போய்விட்டார்". கணக்கு முடியவில்லை, 23 ரூபா 60 சதம் பாக்கி. அப்பாவிடம் கேட்டுவிட்டு, பக்கத்தைப் படமெடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். அவள் கூடலூருக்கு அனுப்பினாள்.

அன்றிரவு ஒரு குரல்பதிவு வந்தது. முதலில் கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு கண்ணாடியைத் தேடும் சத்தம். பிறகு அவர் அந்தப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார்: கருவாடு அரை றாத்தல், செத்தல் மிளகாய் ஒரு அவுன்ஸ், மண்ணெண்ணெய் ஒரு போத்தல், சவர்க்காரம் ஒன்று. ஒவ்வொன்றாக, மெதுவாக, கடைசி வரி வரைக்கும். பிறகு சொன்னார்: "மொதலாளி, எல்லாஞ் சரி. கருவாடு மட்டும் நான் கால் றாத்தல்தான் வாங்குனேன்."

அப்பா அதை மூன்று தடவை கேட்டார். "அரை றாத்தல்தான்" என்று பதில் அனுப்பச் சொன்னார்.